பள்ளியை மூடினால் மிச்சமாகும் தொகையைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் உதவுங்கள் (டெக்சாஸ்)

வணக்கம். டல்லாஸ் புறநகரில் என் மகள் படிக்கும் தொடக்கப் பள்ளியைப் பட்ஜெட் பற்றாக்குறையைக் காட்டி மூடப் பார்க்கிறார்கள். அடுத்த மாதம் பள்ளி மாவட்டத்தின் (இப்பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) போர்டு வாக்கெடுப்பு.

பள்ளி மாவட்டங்களின் நிதி நிர்வாகத்துக்கு மாநிலம் தரும் ‘ஃபர்ஸ்ட்’ (FIRST) மதிப்பீட்டில் எங்கள் மாவட்டத்துக்கு ‘ஏ’. தணிக்கை அறிக்கையிலும் குறை எதுவும் இல்லை. மாநிலத்தின் நிதிக் கணக்கீட்டுக்கு அடித்தளமான அடிப்படை ஒதுக்கீடு 2019 முதல் 2025 வரை மாணவருக்கு 6,160 டாலரிலேயே நின்றது. நெருக்கடி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒரு பள்ளியை மூடினால் எவ்வளவு மிச்சம் என்பதற்கு ஒரே ஒரு மொத்தத் தொகைதான் சொல்கிறார்கள். அதன் பிரிவுக் கணக்கு எங்கும் இல்லை.

போர்டு கூட்டத்தில் 3 நிமிடம் பேசினேன். பொதுத் தகவல் சட்டப்படி மனு கொடுத்தேன்; வந்தது பழைய ஸ்லைடுகள். பீம்ஸ் (PEIMS, மாநிலத்தின் பள்ளித் தரவுத் தொகுப்பு) தரவில் பள்ளிவாரிச் செலவை நானே எடுத்துவிட்டேன்: பொது நிதி (குறியீடு 199), அதில் ஃபங்ஷன் எனப்படும் செலவு வகைகள் 11 (கற்பித்தல்), 23 (பள்ளித் தலைமை), 51 (கட்டடப் பராமரிப்பு). பெரும்பகுதி 11-இல்தான். ஆசிரியர்கள் பிள்ளைகளோடு வேறு பள்ளிக்குப் போனால் அந்தச் செலவும் கூடவே அங்கே போகும், மிச்சமாகாது, இல்லையா? இதுதான் என்னை உறுத்துகிறது.

பள்ளி நிதி, தணிக்கைத் துறையில் இருப்பவர்களிடம் ஒரே கேள்வி: எந்தெந்த ஃபங்ஷன் செலவுகளை உண்மையான மிச்சமாக எடுத்துக்கொள்ளலாம்?