புதுப்பிப்பு: டிரெய்லருக்கு ஒரு ஸ்டெப்னி போதுமா?

அலாஸ்கா போகும் இரட்டை ஆக்ஸில் (பக்கத்துக்கு இரண்டு சக்கரம்) டிரெய்லருக்கு, பின் பம்பரில் ஒரு ஸ்டெப்னி போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன்.

தார்ச்சாலையில் மட்டும் போனால் ஒன்று போதும். அலாஸ்காவின் வடக்கே போகும் டால்டன் ஹைவே போன்ற சரளைச் சாலைக்கு இரண்டு வேண்டும். டால்டன் 414 மைல் நீளம். வழியில் கோல்ட்ஃபுட் என்ற ஊரைத் தாண்டினால் சாலை முடியும் டெட்ஹார்ஸ் வரை சுமார் 240 மைலுக்கு பங்க் கூடக் கிடையாது. ஒன்று ரிம்மில் மாட்டியதாகவே இருக்கட்டும். இரண்டாவதையும் அப்படியே வைப்பது நல்லது. வெறும் டயர் என்றால் அதை ரிம்மில் ஏற்ற அந்தக் காட்டில் ஆள் தேட வேண்டும்.

இரட்டை ஆக்ஸிலில் ஒரு டயர் வெடித்தால் அதே பக்கத்து மற்ற டயர்தான் முழுச் சுமையையும் வாங்குகிறது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நூல் அறுந்திருக்கலாம். கொஞ்ச தூரத்தில் அதுவும் போகலாம். இரண்டாவது ஸ்டெப்னி அதற்குத்தான்.

பம்பர் விஷயம்: பல டிரெய்லர்களில் அது மெல்லிய 4 அங்குலச் சதுரக் குழாய். ரிம்மோடு ஒரு டயர் சுமார் 23 கிலோ. குலுங்கக் குலுங்க வெல்டிங் விரியும். டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்கு (ஃபிரேம்) அடியில் மாட்டுங்கள், அல்லது இழுக்கும் பிக்கப் வண்டியில் போடுங்கள்.

ஸ்டெப்னிக்கும் வயது உண்டு. டயரின் பக்கச் சுவரில் இருக்கும் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் அது 2019இன் 23ஆம் வாரத்தில் தயாரானது. ஓடாத டயர் என்று ஏமாறாதீர்கள். லோடு ரேஞ்ச் ஈ (டயர் தாங்கும் சுமையின் தரம்) டயரில் காற்றழுத்தம் பெரும்பாலும் 80 பிஎஸ்ஐ, டயர் குளிர்ந்த நிலையில் பாருங்கள்.

ஜாக்கியை ஆக்ஸில் குழாயில் வைக்காதீர்கள், வளையும். டயரை மாற்றி 50 மைல் ஓடியதும் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.