ஸ்னோபோர்டு பைண்டிங்: வாங்கியதும் பூட்டியதும் – கொங்கு நண்பர்களின் அனுபவங்கள்

கோவை, குறிச்சி

பனியில் நின்றபடி சறுக்கும் ஒற்றைப் பலகைதான் ஸ்னோபோர்டு, பூட்ஸை அதோடு பூட்டிவைக்கும் பிடிதான் பைண்டிங். சறுக்கக் காஷ்மீரின் குல்மார்க் போகத் திட்டமிடும் நம் ஊர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கம்பெனி பைண்டிங் நல்லது என்பதுதான். என்னைக் கேட்டால் அது நாலாவது கேள்வி. பூட்ஸ் காலுக்குச் சரியாக இருக்கிறதா, பைண்டிங் அந்தப் பூட்ஸைக் கவ்விப் பிடிக்கிறதா, பைண்டிங் பலகையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு கம்பெனியைப் பற்றிப் பேசலாம். முதன்முறை போகிறவர் வாங்கவே வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் கொடுத்ததை அப்படியே மாட்டிக்கொண்டு மலைமேல் போகும் கம்பிவட வண்டியான கோண்டோலாவில் ஏறிவிடாதீர்கள்.

சென்ற குளிர்காலத்தில் எனக்குக் கிடைத்த பலகையில் இரண்டு பைண்டிங்குகளும் மூக்குப் பக்கமே, அதாவது பலகையின் முன்நுனியையே, பார்த்து நின்றன. முன்னால் ஓட்டியவருக்குச் செய்த அமைப்பு அது. பைண்டிங்கின் நடுவே ஒரு வட்டத் தகடு இருக்கும். அதன் வழியாக நான்கு திருகுகள் பலகைக்குள் இறங்கும். பின்கால் பைண்டிங்கில் ஒரு திருகு விரலாலேயே சுற்றியது. கடைப் பையன் தங்கமான பிள்ளை, கேட்டதும் திருப்புளியை என் கையில் கொடுத்துவிட்டான். நான்கையும் கழற்றித் தகட்டைத் தூக்கினால், அதன் விளிம்புப் பற்களுக்குள் பனி இறுகிக் கிடந்தது. அந்தப் பற்கள் பைண்டிங்கின் அடித்தட்டில் உள்ள பற்களோடு சேர்ந்தால்தான் கோணம் நகராமல் நிற்கும். நடுவில் பனி இருந்தால் திருகை எவ்வளவு முடுக்கினாலும் வீண். அப்போது இறுகினாற்போலத் தெரியும், பிறகு பனி உருகியதும் ஆட்டம் கொடுக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, தகட்டை உட்கார வைத்தேன். நான்கு திருகுகளையும் முதலில் கையால் ஏற்றிவிட்டு, பிறகு எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முடுக்கினேன். பம்புக்கு மூடி பூட்டும் அதே முறைதான்.

திருகு M6 அளவு. அதற்கு 3-ஆம் எண் நட்சத்திர முனைத் திருப்புளி வேண்டும். வீட்டில் கிடக்கும் 2-ஆம் எண்ணைப் போட்டுத் திருகினால் தலை வழுக்கிப் போகும். M6 திருகு நம் ஊரில் எங்கும் கிடைக்கிறதே என்று கண்டதை வாங்கிப் போடாதீர்கள். நீளம் கொஞ்சம் கூடினாலும் பலகையின் அடியில் புடைப்பு வரும், குறைந்தால் மரை பிடிக்காமல் பிய்ந்து வரும். திருகு கழலாமலிருக்கப் பட்டறையில் தடவும் நீலப் பசையும் வேண்டாம். பைண்டிங்கில் உள்ள சில வகைப் பிளாஸ்டிக்குகளை அது விரிசல் விட வைக்கும். ஓரிரு முறை இறங்கி வந்த பிறகு மறுபடி ஒரு முடுக்கு முடுக்கினால் போதும்.

திருப்பூர்

குறிச்சி அண்ணன் திருகைப் பிடித்துக்கொண்டார், நான் துணிக்காரன், காலுறையிலிருந்து தொடங்குகிறேன். குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று சாக்ஸ் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அது பூட்ஸுக்குள் மடிந்து, குதிகாலைத் தூக்கிவிடும். குதிகால் தூக்கிக்கொண்டால் எந்த பைண்டிங்காலும் பிடித்து வைக்க முடியாது. கம்பளி கலந்த மெல்லிய நீளக் காலுறை ஒன்றே போதும். பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையை வைத்துக்கொண்டு சில்லிடும். பருத்தி பின்னி வயிறு வளர்க்கும் ஊரிலிருந்துதான் சொல்கிறேன்.

மூனிக் கண்காட்சிக்குப் போனபோது, அப்படியே ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பக்கம் சறுக்கக் கற்றுக்கொண்டேன். அந்தப் பயிற்சியாளர் என்னைப் பலகைமேல் நிறுத்தி, ஸ்ட்ராப்புகளைத்தான் முதலில் பார்த்தார். கணுக்கால் ஸ்ட்ராப்பின் மெத்தை பூட்ஸின் நடுவில் வர வேண்டும், என்னுடையது ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. மறுபக்கத் துளையை மாற்றியதும் நேராகிவிட்டது. விரல் ஸ்ட்ராப்பை விரல்களின் மேலே விடாமல், பூட்ஸின் நுனியைத் தொப்பிபோல் கவ்வும்படி வைத்தார். மாட்டும்போது பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட்டு, குதிகாலைப் பின்னால் அழுத்தி, முதலில் கணுக்கால் ராட்செட் (ஸ்ட்ராப்பைப் பல் பல்லாக இறுக்கும் கொக்கி), பிறகு விரல், கடைசியாகக் கணுக்காலுக்கு இன்னும் ஓரிரு பல்.

வாங்குகிறவர்களுக்கு: பூட்ஸை முதலில் வாங்கி, அந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலைப் பார்த்து பைண்டிங் அளவைத் தேர்ந்தெடுங்கள். பைண்டிங்கின் விறைப்பு 10-க்கு 3, 4 என்று போட்டிருக்கும், ஒரு கம்பெனியின் 4 இன்னொன்றின் 6 ஆக இருக்கலாம். தொடக்கத்தில் இளகியதே நல்லது. பர்ட்டன் கம்பெனி 2017-இல் ஸ்ட்ராப் இல்லாமல் மிதித்தால் பூட்டிக்கொள்ளும் வகையைக் கொண்டுவந்தது. குனியத் தேவையில்லை என்பது உண்மைதான், ஆனால் அதற்கென்றே செய்த பூட்ஸையும் சேர்த்து வாங்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பனியைப் பார்க்கிற நமக்கு அந்தச் செலவு தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது.

பொள்ளாச்சி

நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் பேச்சு வராமல் இந்த உரையாடல் முடிந்துவிடுமோ என்று காத்திருந்தேன்.

பலகையில் பைண்டிங்கைத் திருப்பி வைக்கும் கோணத்துக்கு யாரோ எழுதிவைத்த எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். வெறுந்தரையில் ஒரு குதி குதித்து, விழுந்த இடத்தில் பாதங்கள் எப்படித் திரும்பியிருக்கின்றன என்று பாருங்கள். பலருக்கு இரண்டும் சற்று வெளிப்பக்கம் விரியும். அதனால்தான் முன்கால் +15 டிகிரி (மூக்குப் பக்கம்), பின்கால் -9 அல்லது -15 (வால் பக்கம்) என்று தொடங்கச் சொல்கிறார்கள். அப்படி வைத்து, பலகைமேல் நின்று பாதி உட்காருங்கள். முட்டி, கால்விரல்களின் நேர்கோட்டில் போக வேண்டும். உள்ளே சாய்ந்தால் கோணத்தை மாற்றுங்கள். அகலம் ஏறக்குறைய தோள் அளவு, பலகையில் குறித்திருக்கும் இடத்திலிருந்து தொடங்கினால் தவறாது. பைண்டிங்கின் பின்னால் காலைத் தாங்கும் முதுகுத்தட்டின் முன்சாய்வை முதல் நாள் கூட்ட வேண்டாம், தொடை எரிந்துவிடும்.

எந்தக் கால் முன்னே என்று கேட்டால், வழவழப்பான தரையில் ஓடிவந்து சறுக்கும்போது தானாக முன்னால் போகும் கால். வலது கை எழுதுகிறவர் என்பதால் இடது கால்தான் முன்னே என்று கிடையாது. என் தங்கைக்கு வலது கால் முன்னே போனது. கடையில் இரண்டு பைண்டிங்குகளையும் திருப்பிப் பூட்டியதும், அதுவரை மரம் மாதிரி நின்றவள் சறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொன்று. ஸ்கீ பைண்டிங் குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் காலை விட்டுவிடும். ஸ்னோபோர்டில் விடாது, விடவும் கூடாது. இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டியிருப்பதால் முழங்கால் தனியாக முறுகுவது குறைவு. ஆனால் மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் பக்கம் ஒரு காலை மட்டும் மாட்டிக்கொண்டு நகரும்போது கவனம் தேவை, அங்கே முறுகும். புதியவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில். மணிக்கட்டுக் காப்பு வாங்கிக்கொள்ளுங்கள், பைண்டிங்கைவிட விலை குறைவு.

ஈரோடு

என் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து பழைய பலகை ஒன்றையும், வேறு ஒருவரிடம் வாங்கிய பைண்டிங்கையும் கொண்டுவந்தார். பலகையில் துளையே இல்லை, நீளமாக ஒரு காடி (பள்ளம்) மட்டும். பைண்டிங்கில் நான்கு துளைத் தகடு. சேரவில்லை. அண்ணா, ஓட்டை போட்டுவிடலாமா?

கோவை, குறிச்சி

தம்பி, துரப்பணத்தைக் கீழே வையுங்கள். பலகையின் உள்ளே மரமும் கண்ணாடி இழையும் இருக்கும், மரையுள்ள உலோகப் புதைவு இல்லாத இடத்தில் போட்ட திருகு நிற்காது. உங்களிடம் இருப்பது பர்ட்டன் காடி வகை. ஒவ்வொரு பைண்டிங்கையும் காடியில் ஓடும் இரண்டு திருகுகள்தான் பிடிக்கும். மற்றப் பலகைகளில் 4 சென்டிமீட்டர் சதுரமாகவோ, 2 சென்டிமீட்டர் நெருக்கமாகவோ துளைகள் இருக்கும். பழைய பர்ட்டனில் முக்கோணமாக மூன்று. காடிக்குப் பொருந்தும் வட்டத் தகட்டைத் தனியாகப் பல கம்பெனிகள் விற்கின்றன, உங்கள் பைண்டிங்கின் பெயரைச் சொல்லி அதை மட்டும் மைத்துனரை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். பூட்டிய பிறகு பூட்ஸை மாட்டி, பலகையைப் பக்கவாட்டில் பாருங்கள். விரல் பக்கமும் குதிகால் பக்கமும் ஒரே அளவு வெளியே நீட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் நீட்டினால், திரும்பும்போது பூட்ஸ் பனியில் உரசித் தூக்கிப் போட்டுவிடும்.

கோபிசெட்டிபாளையம்

ஹிம்சாகர் ரயிலில் ஜம்மு பக்கம் கட்ரா வரை போய், அங்கிருந்து மேலே போகிறோம். திருப்புளியைக் கையோடு கொண்டுபோகலாமா?

கோவை, குறிச்சி

ரயிலில் ஒன்றும் பிரச்சினை இல்லை. திரும்பி வரும்போது விமானம் என்றால் கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பெட்டியில் போடுங்கள். மாற்றுத் திருகு நான்கு, வாஷரோடு, சட்டைப் பையில் இருக்கட்டும்.