கருது பறிச்ச நேரத்துல இருந்து

குழு: தோட்டத்து வீடு

வியாழன்

அண்ணன், காலை 8:40
நேத்து ராத்திரி கோவைக்குப் போன ஸ்வீட்கார்ன் கருது லோடு திரும்பி வந்துட்டு இருக்குது. 12 மூட்டையில 7 மூட்டையை எடுக்க மாட்டேன்னுட்டாங்க. மீதி 5க்குப் பாதி விலைதான்.

அம்மா, காலை 8:43
ஏன் சாமி? நேத்து நான் பாத்தப்ப கருது பச்சைப் பசேல்னு இருந்துச்சே.

அண்ணன், காலை 8:47
மூட்டையைப் பிரிச்சுக் கையை உட்டா உள்ள சுடுதாம். முத்தெல்லாம் குழி விழுந்துருச்சு. மார்க்கெட் வியாபாரி ஒண்ணை உரிச்சுக் கடிச்சுப் பாத்துட்டு, இது கோழிக்குப் போடற சோளம்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டார். மூணு மாசப் பாடு. மனசே சரியில்ல.

பெரியப்பா, காலை 8:52
நான் அப்பவே சொன்னேன். விதை ஒண்ணொண்ணும் சொங்கியா, ஊதுனாப் பறக்கற மாதிரி இருந்துச்சு. விதைக் கடையில ஏமாத்திப் போட்டாங்க.

நான், காலை 9:05
பெரியப்பா, அந்த விதை அப்படித்தான் இருக்கோணும்ங்க. அது சூப்பர் ஸ்வீட் ரகம். முத்துக்குள்ள சர்க்கரை மாவா மாறாம அப்படியே நின்னுரும். மாவு இல்லாததால காயறப்ப விதை சுருங்கிப் போகும். 1950கள்ல அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்துல ஜான் லாஃப்னன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இந்தச் சுருங்கின விதைச் சோளத்தோட இனிப்பைக் கவனிச்சு ரகமாக் கொண்டு வந்தார். விதை சுருங்கி இருந்தது நல்லதுக்குத்தான்.

அண்ணா, நேத்து எத்தனை மணிக்குப் பறிச்சீங்க?

அண்ணன், காலை 9:09
ஆள் வர 10 மணி ஆயிருச்சு. 11ல இருந்து 2 மணி வரைக்கும் பறிச்சோம். சாக்குல கட்டிக் களத்துல அடுக்கி வெச்சோம். வண்டி ராத்திரி 9 மணிக்குத்தான் வந்துச்சு. காலையில 4 மணிக்கு மார்க்கெட்.

நான், காலை 9:20
அப்ப வெயில்ல பறிச்ச கருது 14 மணி நேரம் சாக்குக்குள்ளயே இருந்துருக்குது.

கருது செடியை விட்டு வந்த பின்னாடியும் உசுரோடதான் இருக்கும்ணா. மூச்சு விடும். அதுக்குத் தன்னோட சர்க்கரையையே எரிக்கும், எரிக்கறப்பச் சூடு வரும். சாக்குல நெருக்கிக் கட்டுனா அந்தச் சூடு வெளிய போக வழியில்ல. சூடு ஏற ஏற இன்னும் வேகமா மூச்சு விடும். அதுதான் கையை உட்டதும் சுட்டது. எங்க பேக்கிங் கூடத்துக்கு வர்ற காய்ல இந்த அளவுக்கு மூச்சு விடறது சிலதுதான்.

சாதா ஸ்வீட்கார்ன்ல, 30 டிகிரியில வெச்சா ஒரே நாள்ல சர்க்கரையில 60 சதவீதம் வரைக்கும் மாவா மாறிரும். 0 டிகிரியில வெச்சா 6 சதவீதம்தான். நம்ம ரகத்துல மாவா மாறறது கம்மி. எடுத்த எடுப்புல இனிப்பும் அதிகம். அதனால தாங்கும்னு எல்லாரும் நெனைக்கறோம். ஆனா மூச்சு விட்டு எரிக்கறது நிக்காது, தண்ணி வத்தறதும் நிக்காது. எடையில 2 சதவீதம் தண்ணி போனாலே முத்துல குழி விழுந்துரும்.

அண்ணன், காலை 9:26
இதைப் போட்டப்பவே சொல்லியிருக்கலாம் கண்ணு.

நான், காலை 9:27
சொல்லியிருக்கோணும்ணா. கேக்காமயே வந்து சொல்லியிருக்கோணும். இனி அப்படி விட மாட்டேன். அடுத்த பறிப்பு எப்ப?

அண்ணன், காலை 9:30
நாளன்னைக்கு, சனிக்கிழமை. ஒரு 500 கிலோ தேறும். கருது நுனி நூல் காஞ்சு பழுப்பாயிருச்சு, தோகை இன்னும் பச்சை. நகத்துல கிள்ளுனா பால் வருது.

நான், காலை 9:32
அதுதான் சரியான பதம். கூழாட்டம் வந்தா முத்திருச்சு. இந்தப் பதம் ரெண்டு மூணு நாள்தான் நிக்கும். சனிக்கிழமையைத் தள்ளிப் போட வேண்டாம். விடியறதுக்கு முன்னாடி பறிக்க ஆள் சொல்லி வைங்க.

கோவை மாமா, காலை 10:15
மாப்ள, மனசைத் தளர விடாதீங்க. மார்க்கெட்டுல அவரை நான் நேர்ல பாத்துப் பேசறேன். சனிக்கிழமை சரக்கு நல்லா இருந்தா எடுத்துக்குவார். தெரிஞ்ச மனுசன்தான்.

அண்ணன், மதியம் 1:10
பாப்பா, ஐஸ் கட்டி வாங்கித் தண்ணித் தொட்டியில போட்டு, கருதை அதுல முக்கி எடுத்தா ஆகாதா? இங்க ஒரு பார் 50 கிலோன்னு தர்றாங்க.

நான், மதியம் 1:18
பெரிய கூடங்கள்ல செய்யறது அதுதான். மிஷின் வெச்சுத் தண்ணியை 0, 1 டிகிரிக்குக் குளிர்விச்சு, கிரேட்டோட ஒரு மணி நேரத்துக்கு மேல நனைப்பாங்க. நம்ம தொட்டிக்கு எத்தனை ஐஸ் ஆகும்னு தம்பி கணக்குப் போட்டுச் சொல்லட்டும். மெக்கானிக்கல் படிக்கறவன்.

தம்பி, மதியம் 2:40
கணக்குப் போட்டுட்டேன் அக்கா. 500 கிலோ கருதை 5 டிகிரிக்கு இறக்கறதுன்னா:

மதியம் பறிச்சா கருது 33 டிகிரி இருக்கும்னு வெச்சுக்கிட்டா, சுமார் 140 கிலோ ஐஸ் உருகோணும்.
விடியக்காலையில பறிச்சா 21 டிகிரி. 80 கிலோ போதும்.

வெள்ளன எந்திரிச்சாலே ஒரு பாருக்கு மேல மிச்சம்.

தொட்டி வேண்டாம். 500 லிட்டர் போர் தண்ணியை 27ல இருந்து 4 டிகிரிக்குக் கொண்டு வரவே 145 கிலோ ஐஸ் போயிரும். கருதைக் குளிர்விக்கறதை விடத் தண்ணியைக் குளிர்விக்கத்தான் செலவு.

அண்ணன், மதியம் 2:44
ஐஸை ஒடைச்சு நேரா கருது மேலயே கொட்டிரலாமா?

நான், மதியம் 2:50
அதேதான். சாக்கு வேண்டவே வேண்டாம், தக்காளி கிரேட் எடுங்க. ஒரு அடுக்கு கருது, ஒரு அடுக்கு ஒடைச்ச ஐஸ், மறுபடி கருது, மேல ஐஸ். கிரேட்டுக்கு நாலஞ்சு கிலோ ஐஸ் வரும். உருகற தண்ணி ஓட்டை வழியா கீழ் கிரேட்டுக்கு ஒழுகும், அதுவும் குளிர்விக்கும். முத்தும் வாடாது. வாழைக்காயாட்டம் குளிர் பட்டுக் கறுத்துப் போற பொருள் இல்லை இது, பயப்பட வேண்டாம்.

ஒண்ணு மட்டும் கேட்டு வாங்குங்க. குடிக்கற தண்ணியில செஞ்ச ஐஸா இருக்கோணும். மீனுக்கு வெச்ச ஐஸ், மீன் வண்டி ரெண்டும் வேண்டாம்.

அண்ணி, மதியம் 3:05
தோகையை உரிச்சு அனுப்பலாமா? எடை கொறையும்னு இவங்க கேக்கறாங்க.

நான், மதியம் 3:09
உரிக்காதீங்க அண்ணி. தோகைதான் முத்துக்குப் போர்வை. ஆனா நுனியில நீட்டிக்கிட்டு இருக்கற தோகையையும் நீளக் காம்பையும் மட்டும் அருவாள்ல வெட்டி உட்ருங்க. அது காயறப்ப முத்துல இருக்கற தண்ணியை இழுத்துக்கும்.

அண்ணி, மதியம் 3:11
சரி. வெட்டுனதை மாட்டுக்குப் போட்டுக்கறேன். சோளத்தட்டும் பச்சையாத்தான் இருக்குது, நல்லாத் திங்குது.

கோவை மாமா, மாலை 6:30
குத்திப் பாக்கற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி உடுமலை பஸ்ல குடுத்து உட்ருக்கேன். கண்டக்டர் தம்பிகிட்ட சொல்லியிருக்கேன். 9 மணிக்கு ஸ்டாண்டுக்குப் போயி வாங்கிக்கோங்க மாப்ள.

வெள்ளி

பெரியப்பா, காலை 7:20
திரும்பி வந்த மூட்டையில கெழக்கு வரப்புல பறிச்ச கருதைத் தனியா உரிச்சுப் பாத்தேன். அது மட்டும் முந்தாநேத்துப் பறிச்சப்பவே கெட்டியாத்தான் இருந்துச்சு. இனிப்பே இல்லை. இது சூட்டுனால ஆனது இல்லை கண்ணு.

நான், காலை 7:35
பெரியப்பா, நெம்பச் சரியாப் பாத்துருக்கீங்க. கெழக்கால பக்கத்துத் தோட்டத்துல கோழித்தீவன மக்காச்சோளம் போட்டுருக்காங்க இல்லீங்களா? ரெண்டும் ஒரே சமயத்துல பூத்துருக்கும். அந்த மகரந்தம் காத்துல வந்து நம்ம நூல்ல உழுந்தா, அந்த முத்து மாவு முத்தாத்தான் வரும். அதுக்கு ஐஸ் வெச்சும் பிரயோசனம் இல்லை. கெழக்கு ஓரம் நாலு வரிசையை நாளைக்குச் சேக்காதீங்கண்ணா. நாலு கெட்ட கருது மத்த எல்லாத்து பேரையும் கெடுத்துரும்.

அண்ணன், காலை 7:41
சேக்க மாட்டேன். நாலு ஆள் சொல்லியாச்சு, காலையில 4:30க்கு வர்றாங்க. கிரேட் 35 கெடைச்சுருச்சு. ஐஸ் 4 பார், 200 கிலோ. வழியில உருகறதுக்கும் சேத்து.

சனி

அண்ணன், காலை 5:20
பறிக்க ஆரம்பிச்சாச்சு. தலையில லைட்டு கட்டிக்கிட்டு நாலு பேரும் நானும். பனி சொட்டுது.

தம்பி, காலை 5:52
[படம்]
கருதுக்கு நடுவுல தெர்மாமீட்டர் குத்துனேன். 21.3.

அண்ணி, காலை 7:25
மரத்தடியில ஐஸ் ஒடைச்சுட்டு இருக்கோம். சாக்குல போட்டு மரக்கட்டையில தட்டுனா நல்லா ஒடையுது. கை மரத்துப் போச்சு. கருதைத் தூக்குனா முன்ன மாதிரி கதகதப்பு இல்ல, ஓடைக் கல்லைத் தொடற மாதிரி இருக்குது.

தம்பி, காலை 8:45
ஐஸ் வெச்ச கிரேட்ல 13 டிகிரி. ஒரு கிரேட்டை மட்டும் ஐஸ் இல்லாம நிழல்ல தனியா வெச்சுருக்கேன் அக்கா. அது 23 ஆயிருச்சு. வெயிலே படல.

அண்ணன், காலை 8:58
வண்டி கெளம்பிருச்சு. மேல ஈரச்சாக்கு, அதுக்கு மேல தார்ப்பாய். நானும் கூடவே போறேன்.

தம்பி, காலை 11:05
தனியா வெச்ச கிரேட் 27. கிரேட்டுக்கு நடுவுல எங்க தொட்டாலும் சூடு தெரியுது.

அண்ணன், காலை 11:12
கோவை வந்தாச்சு. அடி கிரேட்டுல 8 டிகிரி, மேல் கிரேட்டுல 7. ஐஸ் இன்னும் கொஞ்சம் நிக்குது.

கோவை மாமா, மதியம் 12:05
34 கிரேட்டையும் எடுத்துக்கிட்டார். மூணு கிரேட்டுல இருந்து மூணு கருதை உரிச்சாரு. முத்தைக் கிள்ளுனதும் பால் அவர் கண்ணாடியில தெறிச்சுருச்சு. துடைச்சுக்கிட்டு, செவ்வாய்க்கிழமை இதே மாதிரி வருமான்னு மாப்ளகிட்டக் கேட்டார்.

அம்மா, மதியம் 12:08
முருகா. இப்பத்தான் சோறு எறங்கும்.

அத்தை, மாலை 4:30
மாமா 20 கருது வீட்டுக்குக் கொண்டாந்துருக்காங்க. ரெண்டு பேருக்கு இத்தனையை என்ன பண்ண? பிரிட்ஜுல வெச்சா எத்தனை நாள் தாங்கும் கண்ணு?

நான், மாலை 4:48
தோகையோடவே கவர்ல சுத்தி, பிரிட்ஜுல நல்லாக் குளிர்ற எடத்துல வைங்க அத்தை. ரெண்டு மூணு நாளைக்குள்ள திங்கறதுக்கு அது போதும். கதவுப் பக்கம் வேண்டாம்.

மீதியை இன்னைக்கே ப்ரீசருக்கு மாத்திருங்க. பச்சையா அப்படியே வெச்சா உள்ள இருக்கற நொதி வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும், கொஞ்ச நாள்ல ஒரு மாதிரி வாசம் வந்துரும். உரிச்ச கருதைக் கொதிக்கற தண்ணியில 4 நிமிசம் போடுங்க. எடுத்த ஒடனே ஐஸ் தண்ணியில போடுங்க. நடுத்தண்டு வரைக்கும் ஆறோணும், மேல ஆறுனா மட்டும் பத்தாது. அப்பறம் கருதை நிக்க வெச்சுக் கத்தியால முத்தைச் சீவுங்க. முக்கால் பங்கு ஆழம் போதும், அடி வரைக்கும் போனா சக்கை சேந்து வரும். துணியில ஒத்தி எடுத்து, தட்டுல பரப்பி ப்ரீசர்ல வைங்க. ஒறைஞ்ச பின்னாடி கவர்ல போட்டுக் காத்தை அமுக்கி எடுத்துட்டுக் கட்டுங்க. பரப்பாம நேராக் கவர்ல போட்டா ஒரே கட்டியாயிரும். எட்டு, பத்து மாசம் நல்லா இருக்கும்.

அத்தை, மாலை 4:55
சீவுன முத்தைச் சும்மா பிரிட்ஜுல வெச்சுக்கக் கூடாதா?

நான், மாலை 4:58
சீவிட்டா காயம் பட்ட மாதிரிதான் அத்தை, சீக்கிரம் கெட்டுரும். மறுநாளே செஞ்சுருங்க.

அத்தை, இரவு 8:10
[படம்]
14 கருது சீவி நாலு கவர் ஆச்சு. ரெண்டைச் சுட்டு எலுமிச்சம்பழமும் உப்பும் மொளகாப்பொடியும் தேச்சுக் குடுத்தேன். மாமா எலுமிச்சையே தேச்சிருக்க வேண்டாம், தானாவே இனிக்குதுன்னாங்க.

ஞாயிறு

அண்ணன், காலை 9:00
செவ்வாய்க்கு ஐஸ் 4 பார் சொல்லியாச்சு. ஆளும் அதே 4:30க்கு. கெழக்கு நாலு வரிசையை இன்னைக்கு மாட்டுக்கு வெட்டிடறோம்.

பெரியப்பா, காலை 11:30
பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிட்டு வந்தேன். அடுத்த பட்டத்துக்கும் அவங்க தீவனச் சோளந்தான் போடறாங்களாம். அவங்க போட்டு 20 நாள் கழிச்சு நாம போடறோம், பூ ஒண்ணா வராதுன்னு வெவரம் சொன்னேன். சரின்னுட்டாங்க. விதை வாங்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ சாமி. சுருங்குன விதையாப் பாத்து எடுக்கோணும்.

அண்ணன், காலை 11:34
சரிங்க பெரியப்பா. சேந்தே போலாம்.