200 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) கிறிஸ்துமஸ் பரிசு: யாருக்கு என்ன கொடுக்கலாம்?

ஸ்டெல்லா, பீடோர்

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் முடியப் போகிறது, பரிசு விஷயத்தில் இன்னும் ஒரு முடிவுக்கும் வரவில்லை. வீட்டுக்காரருக்கு செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை, நான் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கிறேன். இந்த வருஷம் பரிசுக்கென்று 200 வெள்ளிதான் ஒதுக்க முடியும்.

கொடுக்க வேண்டியவர்களோ அதிகம். மாமியாருக்கு இனிப்புநீர் (நீரிழிவு), பலகாரம் சரிப்படாது. நாத்தனார் குடும்பம் ஈப்போவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது, அங்கே மூன்று பிள்ளைகள். எதிர்வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை, ஒவ்வொரு ஹரி ராயா பெருநாளுக்கும் எங்களுக்கு லெமாங் (மூங்கிலில் சுட்ட பசையரிசிச் சோறு) கொடுத்தனுப்புவார். அப்புறம், தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) என்னோடு வளர்ந்த தோழிகள். எல்லாரும் இப்போது கிள்ளான், பூச்சோங், செரம்பான் என்று சிதறிக் கிடக்கிறார்கள். திருநாளுக்கு ஊருக்கு வருவார்கள்.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு ஒரு கோப்பை என்று ஆளுக்கொன்று வாங்கி வேலையை முடித்துவிடலாம். மனசு ஒப்பவில்லை. அப்படிப்பட்ட கோப்பைகள் எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியோடு அலமாரிக்கு மேல்தான் கிடக்கின்றன. வாங்கியவர் எடுத்துப் புழங்க வேண்டும், இவள் என்னை நினைத்துத்தான் இதைக் கொடுத்தாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

குமார், தாப்பா ரோடு

பிள்ளைகளுக்கு மட்டும் சொல்கிறேன். 2026-இல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரிக்கு வந்துவிட்டது. அரசாங்கம் பிள்ளைக்கு 150 வெள்ளி உதவி கொடுத்தாலும் கறுப்புச் சப்பாத்து, பை, சீருடை என்று வாங்கும்போது அது பறந்துவிடும். அதனால் பென்சில் பெட்டி, வண்ணப் பென்சில், பெயர் எழுதி ஒட்டிய நோட்டுப் புத்தகம் எது கொடுத்தாலும் நாத்தனாருக்குப் பாரம் குறையும்.

ஆனால் பள்ளிச் சாமானை மட்டும் கொடுத்தால் பிள்ளைக்கு அது பரிசாகத் தோன்றாது. நீங்கள் தையல்காரர் ஆயிற்றே, வெட்டி மிஞ்சிய துணியில், தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடும் பாத்து செரம்பான் தைத்துக் கொடுங்கள். உள்ளே அரிசியோ பச்சைப்பயறோ போட்ட ஐந்து குட்டிப் பொட்டலம். பச்சைப்பயறு என்றால் கையில் நல்ல கனம் இருக்கும். எங்கள் வீட்டில் போனை வைத்துவிட்டு அதற்குத்தான் சண்டை போடுகிறார்கள்.

ரஹ்மத், தெலுக் இந்தான்

மக்சிக்குக்குப் பழம் கொடுங்கள் சகோதரி. வீட்டில் செய்த கேக் என்றால், அன்பாகவே வாங்கிக்கொண்டாலும், அதில் என்ன சேர்த்திருக்கிறது, ஹலாலா என்று சிலருக்குத் தயக்கம் வரும், வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள். முழுப் பழத்தில் அந்தச் சங்கடமே இல்லை. பீடோரில் இருந்துகொண்டு கொய்யாவுக்கு எங்கே போக வேண்டும்? விதையில்லாக் கொய்யா ஒரு கூடை, கூடவே அசாம்போய் (புளிப்பு பிளம்) பொடி ஒரு பொட்டலம். இருபது வெள்ளிக்குள் முடித்துவிடலாம்.

டீச்சர் அம்மா, சுங்கை சிப்புட்

ஸ்டெல்லா, உன் கேள்வியைப் படித்ததும் எனக்கு உன் தோழிகள்மேல்தான் கண் போயிற்று. எல்லாரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் என்கிறாய். அந்த லயம் இன்னும் நிற்கிறதா? எங்கள் பக்கத்தில் பல தோட்டங்களில் லயத்தை இடித்துவிட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அங்கே வளர்ந்தவர்களிடம் பெரும்பாலும் ஒரு படம்கூட இருக்காது. வீடு மாறும்போது தொலைந்திருக்கும், வெள்ளத்தில் போயிருக்கும்.

உன் வீட்டிலோ அம்மா வீட்டிலோ பழைய படம் இருந்தால் தேடி எடு. திருவிழா, கல்யாணம், பள்ளிக்கூட வகுப்புப் படம், எதுவானாலும் சரி. போனிலேயே நகல் எடுக்கலாம். படத்தை வெளியே கொண்டுபோய் நிழலில் ஒரு மேசைமேல் கிடத்து, ஃபிளாஷை நிறுத்து, போனைச் சாய்க்காமல் நேர் மேலே பிடித்து எடு. டவுன் போட்டோ கடையில் ஒரு படம் போட ஒன்றிரண்டு வெள்ளிதான் ஆகும். சட்டம் வேண்டாம். பின்பக்கம் ஒரு தாளை ஒட்டி, இடமிருந்து வலமாக யார் யார் என்று பெயர் எழுது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு) என்பதையும் எழுது. பெயர் தெரியாத ஆள் இருந்தால் உன் அம்மாவிடம் இப்போதே கேட்டுக்கொள். படத்தைவிட அந்தப் பெயர்கள்தான் பெரிய பரிசு. நான் வகுப்புப் படங்களை இப்படிக் கொடுத்திருக்கிறேன். ஐம்பது வயது ஆட்கள் தங்கள் பெயரை விரலால் தேடிப் பார்ப்பார்கள்.

மாமியாருக்குக் காசைக் கொஞ்சம் தாராளமாகவே செலவிடு. இனிப்புநீர் உள்ளவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்தால் குத்தியதே தெரியாது, புண்ணும் சீக்கிரம் ஆறாது. விரலை மூடுகிற மாதிரி, மெத்தென்று, அடியில் வழுக்காத செருப்பாகப் பார்த்து வாங்கு. அளவை மாலையில் எடு. அந்த நேரத்தில்தான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் எடுத்தால் இறுக்கிப் பிடிக்கும். கூடவே முன்பக்கம் பொத்தானும் பெரிய பையும் வைத்து ஒரு நைட்டி தைத்துக் கொடு. மாத்திரை, போன், ஜெபமாலை எல்லாம் அந்தப் பைக்குள் போகும்.

நாத்தனாருக்குச் சமையலுக்கு மணம் தரும் ரம்பைக் கன்று. தாய்ச்செடியின் அடியில் வேர் விட்ட பக்கக் கன்றைப் பிரித்து, பழைய மைலோ டின்னில் அடியில் ஓட்டை போட்டு நட்டால் திருநாளுக்குள் பிடித்துக்கொள்ளும். அடுக்குமாடியில் ரம்பை இலைக்குக்கூடக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. பால்கனியில் ஓரளவு வெயில் பட்டால் போதும்.

ஸ்டெல்லா, பீடோர்

டீச்சர், லயத்தை இடித்து வெகுநாள் ஆகிவிட்டது. அம்மா வீட்டில் அந்தோணியார் திருவிழாவில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, தோழிகளின் அம்மாமார்கள் எல்லாரும் அதில் வரிசையாக நிற்கிறார்கள். இரண்டு பேர் இப்போது இல்லை. சனிக்கிழமை போய் எடுத்து வருகிறேன். ஆனால் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது, ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிகிறது. பிரிக்கலாமா?

குமார் தம்பி, பாத்து செரம்பானுக்கு இன்றே துணி வெட்டிவிட்டேன். ரஹ்மத் அண்ணன், கொய்யா முடிவாகிவிட்டது.

டீச்சர் அம்மா, சுங்கை சிப்புட்

பிரிக்காதே. இழுத்தால் படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும், முகம் போய்விடும். கண்ணாடியை மெல்லத் துடைத்துவிட்டு அப்படியே படம் எடு. உன் சாயல் கண்ணாடியில் விழாமல் இருக்கக் கறுப்புத் துணி ஒன்றில் துளை போட்டு, அதன் வழியாகப் போனை நீட்டு. திருப்தியாக வரவில்லை என்றால் சட்டத்தோடு போட்டோ கடைக்கு எடுத்துப் போ, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.