பிள்ளைகளோடு புதிதாக வந்தவர்களுக்கு: பள்ளி, லைப்ரரி, காலேஜ் பற்றி நியூஜெர்சியிலும் ரெடிங்கிலும் பட்டது

"அண்ணே, அடுத்த மாதம் குடும்பத்தோடு வருகிறோம், பிள்ளைகளுக்கு ஸ்கூல் எப்படி?" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி அலுத்துவிட்டது, அதனால் மொத்தத்தையும் இங்கே கொட்டிவிடுகிறேன். நாங்கள் நியூஜெர்சியில் நான்கு வருடம் இருந்துவிட்டு இங்கிலாந்துக்கு, ரெடிங் நகரத்துக்கு வந்தோம். வந்து ஆறு வருடம் ஆகிறது. இரண்டு ஊரிலும் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

முதல் தப்பு ஒரு வார்த்தையில். அமெரிக்காவில் பப்ளிக் ஸ்கூல் என்றால் காசு வாங்காத அரசுப் பள்ளி. இங்கிலாந்தில் அதே பெயர் ஈட்டன் மாதிரி பெரும் பணக்காரத் தனியார் பள்ளிகளுக்கு. இங்கே வேலையில் சேர்ந்த முதல் வாரம், "என் பையன் இதுவரை பப்ளிக் ஸ்கூலில்தான் படித்தான்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்காரர் என் சட்டையையும் ஷூவையும் ஒருமுறை பார்த்தார். இங்கே இலவசப் பள்ளிக்குப் பெயர் ஸ்டேட் ஸ்கூல்.

இரண்டு நாட்டிலும் வீட்டு முகவரிதான் பள்ளியை முடிவு செய்கிறது. ஆனால் முடிவு செய்யும் விதம் வேறு. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அதன் பணத்தில் பெரும் பங்கு அந்த ஊர் வீட்டு வரியிலிருந்து வருவதால், பள்ளி நன்றாக இருக்கும் ஊரில் வாடகையும் ஏறித்தான் இருக்கும். குடியேறிவிட்டால் இடம் உறுதி. வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி விவரம், இவ்வளவுதான் கேட்பார்கள். விசா நிலையைக் காரணம் காட்டி அரசுப் பள்ளிகள் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தடுப்பூசி விஷயத்தில்தான் நம் ஆட்கள் மாட்டுவது. ஊரிலிருந்து கிளம்பும் முன் குழந்தை டாக்டரிடம் ஊசியின் பெயர், போட்ட தேதி எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை தொலைந்துபோனால் சில ஊசிகளை மறுபடி போட வேண்டியிருக்கும்.

ஒரே அபார்ட்மென்ட் வளாகத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளி, அந்தப் பக்கம் வேறொன்று என்றும் இருக்கும். வீட்டு ஏஜென்ட் சொல்வதை நம்பாமல் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்குப் போன் போட்டு முகவரியைச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் பள்ளி வாசலிலேயே குடியிருந்தாலும் அந்தப் பள்ளியில் இடம் உறுதியில்லை. கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், எங்காவது ஓரிடம் தேடித் தரும், அவ்வளவுதான். பெற்றோரிடம் இல்லாமல் அரசுப் பராமரிப்பில் வளரும் குழந்தைகள் முதலில், பிறகு ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் தம்பி தங்கைகள், அப்புறம் தூரம் என்று பெரும்பாலும் ஒரு வரிசை இருக்கும். சர்ச் சார்ந்த பள்ளிகளில் மதமும் சேரும். எல்லாமே தேதி சார்ந்தது. செகண்டரி, அதாவது பதினோரு வயதில் சேரும் இயர் 7-க்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 31, முடிவு மார்ச் 1. ரிசப்ஷன் வகுப்புக்குக் கடைசி நாள் ஜனவரி 15, முடிவு ஏப்ரல் 16. பிள்ளைக்கு நான்கு வயது முடிந்ததும் வரும் செப்டம்பரில் ரிசப்ஷன் தொடங்கும். செப்டம்பர் 1-இல் பிறந்த குழந்தைக்கும் ஆகஸ்ட் 31-இல் பிறந்ததற்கும் ஒரு வகுப்பு வித்தியாசம்.

நாங்கள் வந்து இறங்கியது நவம்பர் முதல் வாரம், பையன் இயர் 6. கடைசி நாள் போய் ஐந்தாறு நாள்தான் ஆகியிருந்தது. தாமதமாக வந்த விண்ணப்பம் என்று ஓரமாக வைத்துவிட்டார்கள், நேரத்துக்குக் கொடுத்தவர்களுக்கெல்லாம் பங்கிட்ட பிறகுதான் எங்களை எடுத்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போகும் பள்ளி கிடைத்தது. அப்புறம் பக்கத்துப் பள்ளியின் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்தேன். அதுவும் ரேஷன் கடை வரிசை மாதிரி இல்லை. முன்னால் நின்றவருக்கு முன்னுரிமை கிடையாது, ஒவ்வொரு முறையும் தூரம் முதலான அதே விதிகளின்படி மறுபடி அடுக்குவார்கள். ஏழாவது இடத்தில் இருந்த பையன் மே மாதம் ஒன்பதாவதுக்குப் போனான், ஏனென்றால் யாரோ இரண்டு குடும்பம் பள்ளிக்கு இன்னும் கிட்டே வீடு மாறி வந்திருந்தார்கள். ஜூலையில் ஒருவழியாக இடம் கிடைத்தது.

விண்ணப்பத்தில் லண்டனில் ஆறு பள்ளி வரை எழுதலாம், மற்ற கவுன்சில்களில் குறைந்தது மூன்று. "ஒரே பள்ளியை எழுதினால் வேறு வழியில்லாமல் அதையே தந்துவிடுவார்கள்" என்று நம் ஆட்களிடையே ஒரு வதந்தி உலவுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். நீங்கள் எத்தனையாவது விருப்பமாக எழுதினீர்கள் என்பதை வைத்துப் பள்ளி இடம் தருவதில்லை. தகுதி இருக்கிற பள்ளிகளில் உங்கள் வரிசையில் மேலே இருப்பதைக் கவுன்சில் தரும். ஒன்றை மட்டும் எழுதி அது கிடைக்காமல் போனால், எல்லோரும் எடுத்தது போக மிஞ்சியதுதான் உங்களுக்கு. அப்பீல் செய்ய உரிமை உண்டு. ஆனால் ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்று சட்டமே இருப்பதால் அந்த வயதில் அப்பீல் ஜெயிப்பது மிகக் கடினம்.

ரெடிங்கில் பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு கிராமர் பள்ளிகள், அதாவது தேர்வு வைத்து எடுக்கும் அரசுப் பள்ளிகள் உண்டு. நுழைவுத் தேர்வு இயர் 6 தொடக்கத்தில், பெயர் பதிவது அதற்கு முந்தைய கோடையில். நவம்பரில் வந்தவனுக்கு அதுவும் போச்சு. நான்காம் வகுப்பிலிருந்தே ட்யூஷன் அனுப்பும் நம் குடும்பங்களைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

இங்கிலாந்தில் இன்னொரு அடி, பள்ளி நாளில் ஊருக்குப் போவது. "தங்கச்சி கல்யாணம், தை மாதம்தான் முகூர்த்தம்" என்றால் தலைமையாசிரியர் வாழ்த்துச் சொல்வார், லீவு தரமாட்டார். அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாள் போனாலே அபராதம் பற்றி யோசிப்பார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை என்றால் நாலு 80, அதாவது 320. மூன்று வருடத்துக்குள் இரண்டாவது முறை என்றால் எடுத்த எடுப்பிலேயே 160. நாங்கள் கட்டினோம். கல்யாணம் நன்றாக நடந்தது.

டிபன் டப்பா பற்றி ஒரு வரி. இரண்டு நாட்டிலும் பல பள்ளிகளில் வேர்க்கடலை, முந்திரி, பாதாம் மாதிரியான கொட்டை வகைகள் உள்ளே வரக்கூடாது, அலர்ஜி உள்ள குழந்தைகள் இருப்பார்கள். இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி கட்டிக் கொடுத்து, பதினோரு மணிக்கு வேலையிடத்தில் இருக்கும்போது பள்ளியிலிருந்து போன் வரப்பெற்றவன் சொல்கிறேன். பொடி போட்டு அனுப்புவதென்றாலும் அதில் என்ன அரைத்தது என்று பாருங்கள். இங்கிலாந்து ஸ்டேட் ஸ்கூல்களில் ரிசப்ஷனிலிருந்து இயர் 2 வரை மதியச் சாப்பாடு எல்லோருக்கும் இலவசம், சைவமும் இருக்கும்.

அமெரிக்கப் பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் தருவார்கள். "தமிழ் என்று எழுதாதே, பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள்" என்று ஒரு நண்பர் பயமுறுத்தினார். நான் தமிழ் என்றுதான் எழுதினேன். பையனுக்கு ஒரு சின்ன ஆங்கிலத் தேர்வு வைத்து, ஆறு மாதம் தினமும் அரை மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊரில் காசு கொடுத்தாலும் அப்படி ஒரு ட்யூஷன் கிடைக்காது.

சரி, லைப்ரரி. வந்த முதல் வாரமே போக வேண்டிய இடம் இதுதான் என்பேன். நியூஜெர்சியில் என் மனைவி எச்4 விசாவில், அதாவது வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில் இருந்தார். வேலை செய்ய முடியாது, கார் ஓட்டத் தெரியாது, கைக்குழந்தை, வெளியே பனி. வாரம் இரண்டு நாள் லைப்ரரியில் குழந்தைகளுக்குக் கதைநேரம், ஒரு நாள் ஆங்கிலம் பேசிப் பழகும் வட்டம். அங்கே கிடைத்த தோழிகளில் ஒருவர் கொரியாக்காரர், ஒருவர் பெரு நாட்டுக்காரர், இன்றும் போனில் பேசிக்கொள்கிறார்கள். மகள் அங்கேயே பிறந்தாள், அவளுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் விண்ணப்பம் கொடுத்ததும் லைப்ரரியில்தான். மியூசியத்துக்கு இலவச பாஸ், பிரின்டர், வரி சீசனில் படிவம் நிரப்ப உதவும் தன்னார்வலர்கள் என்று பல ஊர்களில் இருக்கிறது. கவுன்டரில் இருப்பவர்களிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். போஸ்டர் ஒட்டாத சேவைதான் அதிகம்.

நியூயார்க் நகரத்துக்குப் போகிறவர்கள் கவனியுங்கள், அங்கே ஒரு லைப்ரரி அமைப்பு இல்லை, மூன்று. குயின்ஸுக்குத் தனி, புரூக்ளினுக்குத் தனி, மற்றவற்றுக்கு நியூயார்க் பப்ளிக் லைப்ரரி. மூன்றுமே 2021 அக்டோபரில் தாமத அபராதத்தை எடுத்துவிட்டன.

இங்கிலாந்தில் லைப்ரரி நடத்துவது கவுன்சிலின் கடமை என்று 1964-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. புத்தகம் எடுக்கக் காசு கிடையாது. கோடை விடுமுறையில் ஆறு புத்தகம் படித்தால் பதக்கம் தரும் சம்மர் ரீடிங் சேலஞ்ச் 1999-இலிருந்து நடக்கிறது. என் மகளின் பதக்கங்கள் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. குடியுரிமைக்கான லைஃப் இன் த யுகே தேர்வுப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், லைப்ரரியில் கேளுங்கள். டிரைவிங் தியரி தேர்வுக்குப் பயிற்சி செய்யும் இணையதளத்தைக்கூடப் பல கவுன்சில்கள் கார்டு எண்ணை வைத்து இலவசமாகத் தருகின்றன. லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் நம்மவர்கள் நிறைந்த இடங்களில் தமிழ்ப் புத்தக அலமாரியும் உண்டு. ஒரே குறை, 2010-க்குப் பிறகு கவுன்சில்கள் கையில் பணம் சுருங்கி நிறையக் கிளைகளை மூடிவிட்டார்கள். மிச்சமிருப்பதிலும் சில, வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் திறந்திருக்கும். நேரம் பார்த்துவிட்டுப் போங்கள். லண்டனில் கிங்ஸ் கிராஸ் பக்கத்தில் இருக்கும் பிரிட்டிஷ் லைப்ரரி வேறு வகை. வீட்டுக்குப் புத்தகம் தராது. அடையாள அட்டை காட்டி இலவச பாஸ் வாங்கி அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

தெற்கு லண்டன் கிராய்டனில் குடியேறும் தமிழர்களுக்கு ஒரு கொசுறு. சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகரானதும், 1924-இல் லண்டனுக்குப் படிக்க வந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் கிராய்டன் நூலகத்தின் தலைமை நூலகர் பெர்விக் சேயர்ஸ். கணக்கு வாத்தியாராகவே இருந்துவிடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தவர், குழந்தைகளும் தொழிலாளர்களும் உட்கார்ந்து படிக்கும் இந்த ஊர் லைப்ரரிகளைப் பார்த்து மனம் மாறினார். 1948-இல் மெட்ராஸில் பொது நூலகச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இருந்தவர் அவர்தான். ஊர் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று பார்த்திருப்பீர்களே, அது அந்தச் சட்டத்தில் வந்தது.

கடைசியாகக் காலேஜ். இங்கிலாந்தில் பதினாறு வயதில் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வு முடிந்ததும் மூன்று பாடம், மிஞ்சினால் நான்கு, நம் பிளஸ் டூ மாதிரியான ஏ லெவலுக்கு எடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு ஏஎல் என்றால் விளக்கத் தேவையில்லை, நம் தமிழ்நாட்டுக்காரர்கள்தான் திணறுவது. கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்து மெடிசின் கேட்டால் கதவுகள் அநேகமாக மூடியிருக்கும். அமெரிக்காவில் என்ன படிக்கப் போகிறேன் என்றே முடிவு செய்யாமல் காலேஜ் சேர்ந்து, இரண்டாம் வருடக் கடைசியில் சொன்னாலும் பல இடங்களில் போதும். இங்கிலாந்து விண்ணப்பம் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக, ஐந்து விருப்பங்கள் வரை எழுதலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே வருடம் போட முடியாது. அவற்றுக்கும் மெடிசினுக்கும் கடைசி நாள் அக்டோபர் நடுவில், மற்றவற்றுக்கு ஜனவரியில்.

ஃபீஸ் விஷயத்தை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளை எட்டாவது படித்தாலும். இங்கிலாந்தில் உள்ளூர் மாணவருக்கு 2025-26-இல் வருடத்துக்கு 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவர் என்றால் 25,000, 30,000 என்பதெல்லாம் சாதாரணம். இங்கேயே பள்ளியில் படித்ததால் மட்டும் உங்கள் பிள்ளை உள்ளூர் மாணவர் ஆகிவிடுவதில்லை. பொதுவாக, படிப்பு தொடங்கும் கல்வியாண்டின் முதல் நாளன்று கையில் ஐஎல்ஆர் எனப்படும் நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோ குடியுரிமையோ இருந்து, அதற்கு முந்தைய மூன்று வருடம் இங்கே வாழ்ந்திருக்கவும் வேண்டும். அந்த முதல் நாளன்று இன்னும் பதினெட்டு வயதாகாமல், அதற்கு முந்தைய ஏழு வருடம் இங்கே வாழ்ந்த பிள்ளைகளுக்கு ஒரு தனி விதியும் உண்டு. என் பையன் இப்போது இயர் 12, நான் விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் எச்4 பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. மாநிலத்துக்காரர்களுக்கான குறைந்த ஃபீஸ் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 21 வயதானால் எச்4-இல் தொடர முடியாது என்பதையும் மறக்காதீர்கள்.

பிள்ளை பிரிட்டனில் சேர்ந்து முதல் செமஸ்டரில் 65 மார்க் என்று சொன்னால் திட்டாதீர்கள். இங்கே 40 பாஸ், 60-க்கு மேல் டூ ஒன் எனப்படும் நல்ல இரண்டாம் வகுப்பு, 70 வந்தால் முதல் வகுப்பு. கட்டுரைக்கு 80 என்றால் பேராசிரியர் அசந்துபோனார் என்று அர்த்தம். மார்க் என்ன என்று காலேஜுக்கு நேராகப் போன் போடுவதும் நடக்காது. பணம் கட்டுவது நீங்களாக இருந்தாலும், பிள்ளையின் சம்மதம் இல்லாமல் இரண்டு நாட்டிலும் பொதுவாகச் சொல்லமாட்டார்கள். இன்னொன்று, முழுநேர மாணவர்கள் மட்டும் தங்கும் வீட்டுக்கு கவுன்சில் டாக்ஸ் கிடையாது. பில் வந்தால் பயந்துபோய்க் கட்டிவிடாமல் பல்கலைக்கழகத்தில் ஒரு கடிதம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்காட்லாந்து போகிறவர்கள் மேலே உள்ள தேதிகளை எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பள்ளி ஆகஸ்டில் திறக்கும், தேர்வுக்குப் பெயர் ஹையர்ஸ், ஆனர்ஸ் பட்டம் நான்கு வருடம். கிளாஸ்கோ, எடின்பரோ பக்கம் இருக்கிறவர்கள் யாராவது அதைத் தனியாக எழுதுங்களேன்.