கூடுவாஞ்சேரிக்குப் பிடித்துப்போயா குடிபோகிறோம்?

மாடவீதி: சென்னையில் யார் எங்கே குடியிருப்பது என்பதை வருமானம்தான் முடிவு செய்கிறது என்கிறீர்கள். நல்ல காற்று, பெரிய வீடு என்று பிடித்துப்போய்தான் மக்கள் புறநகரான கூடுவாஞ்சேரிக்குக் குடிபோகிறார்கள். இதில் வருமானத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

கூடுவாஞ்சேரிக்காரன்: பிடித்துப்போய் வந்தேன் என்று உங்களிடம் யார் சொன்னது? எனக்கு வேலை பாரிமுனையில். மயிலாப்பூரில் வாடகை 20,000 கேட்டார்கள். அதையாவது வயிற்றைக் கட்டிக் கொடுத்திருப்பேன். பத்து மாத அட்வான்ஸ், 2 லட்சத்துக்கு எங்கே போவது? சம்பளக்காரன் எந்த ஏரியாவில் இருக்கலாம் என்பதை அட்வான்ஸ்தான் முடிவு செய்கிறது.

மாடவீதி: அது பழைய கதை. 2017 வாடகைச் சட்டப்படி மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. சட்டம் தெரியாமல் ஊரைக் குறை சொல்லாதீர்கள்.

கூடுவாஞ்சேரிக்காரன்: இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறதே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று எழுதி நீட்டுகிறார்கள். பேரம் பேசினால் அடுத்த ஆள் வாசலில் நிற்கிறார். மூன்று மாத அட்வான்ஸில் உங்கள் மயிலாப்பூர்த் தெருவில் ஒரு வீடு காட்டுங்கள்.

மாடவீதி: என் மாடியை மூன்று மாத அட்வான்ஸுக்குத்தான் விட்டிருக்கிறேன்.

கூடுவாஞ்சேரிக்காரன்: 'சைவம் மட்டும்' என்று சொல்லித்தானே விட்டீர்கள்?

மாடவீதி: என் வீடு, என் இஷ்டம். இதில் சாதியை நுழைக்காதீர்கள்.

கூடுவாஞ்சேரிக்காரன்: நான் எங்கே சாதி என்றேன்? நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள்.

பெரும்பாக்கம் பொண்ணு: நீங்கள் தேடவாவது தேடினீர்கள் அண்ணா. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து எங்களைக் கொண்டுவந்து இங்கே, நகருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் விட்டார்கள். அம்மா வேலை செய்த வீடுகளெல்லாம் சைதாப்பேட்டையில். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அந்த வேலை போய்விட்டது. குறைந்த வருமானத்தால் இங்கே வந்தோம், இங்கே வந்ததால் இருந்த வருமானமும் குறைந்தது.

மாடவீதி: அரசு பக்கா வீடு கொடுத்ததே, அது போதாதா?

பெரும்பாக்கம் பொண்ணு: உங்கள் வேலையைப் பிடுங்கிக்கொண்டு வீடு கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா?

கூடுவாஞ்சேரிக்காரன்: அட்வான்ஸுக்கு வாருங்கள் சார். பத்து மாதம் கேட்கிறார்களா இல்லையா?

மாடவீதி: சட்டத்தில் மூன்று மாதம்தான்.

கூடுவாஞ்சேரிக்காரன்: உங்கள் மாடி ஒன்றை வைத்துக்கொண்டு சென்னைக்கே தீர்ப்பு எழுதாதீர்கள். பத்து மாதம் கேட்கிறார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள்.

மாடவீதி: மூன்று மாதம். படித்துவிட்டு வாருங்கள்.