இரண்டு சார்ஜரும் சேர்ந்து ஓடினால் ட்ரிப் ஆகிறது, அவசரம், உதவி தேவை

புதுநிலையம்:
வணக்கம். மின்சார வண்டிகளுக்கான பொது வேகச் சார்ஜிங் நிலையம் ஒன்று கட்டி முடித்து, சோதனை ஓட்டம் நடக்கிறது. 120 கிலோவாட் டிசி சார்ஜர் இரண்டு. தனித்தனியாக ஓட்டினால் ஒன்றும் இல்லை. இரண்டிலும் வண்டி நின்றால் கொஞ்ச நேரத்தில் ட்ரிப், மின்சாரம் தானாகவே அறுந்துவிடுகிறது. சார்ஜர் கொடுத்தவர்கள் தங்கள் பக்கம் சரி என்கிறார்கள், பேனல் போட்டவரும் அதையேதான் சொல்கிறார். திறப்பு நெருங்கிவிட்டது. எதைப் பார்க்க வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

மூன்றுபேஸ்:
ட்ரிப் ஆவது எது? மெயின் பிரேக்கரா, சார்ஜருக்குப் போகும் தனி பிரேக்கரா, எர்த்துக்குக் கசியும் கரண்டைப் பார்த்துத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் ரிலேயா, இல்லை சார்ஜரே திரையில் பிழை காட்டி நின்றுவிடுகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. கொஞ்ச நேரம் என்றால் விநாடிகளா, நிமிடங்களா?

எர்த்குழி:
எர்த்திங்தான், சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு சார்ஜருக்குள்ளும் இரைச்சலைத் தடுக்கும் பில்டர் இருக்கிறது. அது எப்போதும் கொஞ்சம் கரண்டை எர்த்துக்குக் கசியவிடும். ஒரு சார்ஜர் ஓடும்போது ரிலேயின் வரம்புக்குள் நிற்கும், இரண்டின் கசிவும் கூடினால் தாண்டிவிடும். ரிலே எத்தனை மில்லி ஆம்பியரில் இருக்கிறது, எர்த் ரெசிஸ்டன்ஸ் எத்தனை ஓம், இந்த இரண்டையும் போடுங்கள்.

மின்னாசான்:
மின் இணைப்பு எப்படிப் போகிறது என்று காட்டும் சிங்கிள் லைன் டயகிராம் இல்லை, பிரேக்கர் அளவு இல்லை, டிரான்ஸ்பார்மர் அளவு இல்லை. இதில் எதைச் சொல்வது? கணக்கையாவது நான் போட்டுத் தருகிறேன். வெளியே 120 கிலோவாட் தர, 95 சதவீதத் திறன் என்று வைத்தால் உள்ளே 126 கிலோவாட் வேண்டும். 400 வோல்ட் மூன்று பேஸில் அது ஏறக்குறைய 182 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் 365-க்குக் கிட்டே. மணிக்கணக்கில் நிற்காமல் போகும் லோடு இது. பேனலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே போட வேண்டிய கணக்கு. முதல் வருடப் பாடம்.

புதுநிலையம்:
மெயின் பிரேக்கர், அதாவது எம்சிசிபிதான் விழுகிறது, 400 ஆம்பியர். 15, 20 நிமிடம் ஆகும். டிரான்ஸ்பார்மர் 315 கேவிஏ. எர்த் ரிலேயில் விளக்கு எதுவும் எரியவில்லை. 365 என்றால் 400-க்குள்தானே வருகிறது?

சார்ஜ்நிரல்:
இதற்கு வயரிங் பக்கம் போகவே வேண்டாம். சார்ஜரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான ஓசிபிபி 1.6-லேயே ஸ்மார்ட் சார்ஜிங் இருக்கிறது. எவ்வளவு பவர் இழுக்கலாம் என்று சொல்லும் சார்ஜிங் ப்ரொபைல் அனுப்பி, இரண்டும் சேர்ந்து 200 கிலோவாட்டைத் தாண்டாமல் சர்வரில் வரம்பு வையுங்கள். வண்டிக்காரருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பேட்டரி 80 சதவீதம் தாண்டினால் வண்டியே இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

பழையபேனல்:
400 என்று முகப்பில் எழுதியிருப்பது பிரேக்கரின் உடம்புக்கு. ஓவர்லோடில் எங்கே விழும் என்பதை டயல்தான் சொல்லும். மூடியைத் திறந்து பாருங்கள். 0.8-ல் இருந்தால் உங்களிடம் இருப்பது 320 ஆம்பியர் பிரேக்கர். இன்னொன்று, தெர்மல் வகை பிரேக்கரைப் பொதுவாக 40 டிகிரிக்குக் கணக்கிட்டுச் செய்கிறார்கள். வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் சூடு அதற்கு மேலே போகும், பிரேக்கர் அதற்கேற்ப முன்கூட்டியே விழும்.

ட்ரிப் ஆனதும் உடனே ஏற்றினால் நிற்கிறதா? நிற்காமல், கொஞ்சம் ஆறிய பிறகுதான் ஏறுகிறது என்றால் சூட்டினால் விழுந்திருக்கிறது. எர்த் கசிவுக்கு 20 நிமிடம் தேவையில்லை, சார்ஜர்கள் ஓட ஆரம்பித்ததுமே தட்டிவிட்டிருக்கும்.

சர்வரில் வரம்பு வைத்துப் பிரேக்கரைக் காப்பாற்றும் யோசனையை ஏற்கவே முடியாது.

சார்ஜ்நிரல்:
ஏன் முடியாது? எத்தனையோ நிலையங்கள் அப்படித்தான் ஓடுகின்றன. பத்து சார்ஜருக்கும் முழு லோடு கணக்குப் போட்டு டிரான்ஸ்பார்மர் வாங்க ஆரம்பித்தால் யாராலும் நிலையம் கட்ட முடியாது.

பழையபேனல்:
லோடைப் பகிர்வது வேறு, பாதுகாப்பு வேறு. சிம் சிக்னல் போனால் உங்கள் வரம்பு எங்கே போகும்? கடைசியாக வந்த ப்ரொபைலையே பிடித்துக்கொள்ளும் சார்ஜரும் உண்டு, ரீஸ்டார்ட் ஆனதும் முழு பவருக்குத் திரும்பும் சார்ஜரும் உண்டு. வரம்பு வேண்டுமென்றால் சார்ஜரின் சொந்த செட்டிங்கில் வையுங்கள், இல்லையேல் நிலையத்துக்குள்ளேயே கன்ட்ரோலர் வைத்து, இணைப்பு அறுந்தால் தானாகக் குறைந்த பவருக்கு இறங்கும்படி செய்யுங்கள்.

சார்ஜ்நிரல்:
இணைப்பு இல்லாதபோது எந்த அளவில் ஓட வேண்டும் என்பதற்கும் டீஃபால்ட் ப்ரொபைல் அனுப்பி வைக்கலாம். அதைச் செய்யாமல் விட்டால் நெறிமுறையைக் குறை சொல்லக் கூடாது.

மின்னாசான்:
டீஃபால்ட் ப்ரொபைலை அந்த மாடல் மதிக்கிறதா என்று யார் சோதித்தது? இரண்டு பேரும் கேட்டவரை விட்டுவிட்டு எங்கோ போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

மூன்றுபேஸ்:
புதுநிலையம், டயலோடு சேர்த்து இதையும் பாருங்கள். இரண்டும் ஓடும்போது கிளாம்ப் மீட்டரால் மூன்று பேஸையும் தனித்தனியாக அளக்கவும். கூடவே எம்சிசிபி டெர்மினல்களைத் தெர்மல் கேமராவில் பாருங்கள், தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் மட்டும், தகுந்த பாதுகாப்போடு. ஒரு பேஸ் மட்டும் மற்ற இரண்டைவிட அதிகம் சுட்டால் கேபிள் முனையில் பொருத்தும் உலோகக் காதான லக்கில் கோளாறு.

ஒரு சார்ஜரில் தெரியாதது இரண்டில் தெரிவதற்குக் காரணம் உண்டு. இணைப்பில் பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்தோடு ஏறும். கரண்டு இரண்டு மடங்கு என்றால் சூடு நான்கு மடங்கு. அந்தச் சூடு டெர்மினல் வழியாகப் பிரேக்கருக்குள் இறங்கி, உள்ளே சூட்டில் வளைந்து பிரேக்கரைத் தட்டிவிடும் பைமெட்டல் பட்டையை வளைத்துவிடும். லோடு சரியாக இருந்தாலும் பிரேக்கர் விழும். உங்கள் கேபிள் அலுமினியமா?

எர்த்குழி:
லக்கெல்லாம் சரிதான், எர்த் ரெசிஸ்டன்ஸ் அளவை இன்னும் போடவில்லையே.

புதுநிலையம்:
அலுமினியம் கேபிள்தான். டயல் 0.8. மூன்று பேஸிலும் 340-ஐ ஒட்டி வந்தது. மூன்றாவது பேஸ் லக் நிறம் மாறி, ஸ்லீவ் உருகியிருக்கிறது. டயலை 1-க்கு ஏற்றிவிடட்டுமா?

பழையபேனல்:
வேண்டாம், நில்லுங்கள். அதை 0.8-ல் வைத்தவர் கேபிளைக் காப்பாற்ற வைத்திருக்கலாம். எத்தனை சதுர மில்லிமீட்டர், மண்ணுக்குள் போகிறதா, எத்தனை கேபிள் ஒட்டி ஒட்டிப் போகின்றன, இவற்றை வைத்துக் கேபிள் 400 தாங்கும் என்று கணக்கில் வந்த பிறகுதான் டயலில் கை வைக்க வேண்டும்.

மூன்றுபேஸ்:
340 என்பது 320-க்கு ஆறு சதவீதம்தான் அதிகம். அது மட்டுமே காரணம் என்றால் 20 நிமிடத்தில் விழாது. லக்தான் பெரிய பங்கு. டயலை ஏற்றினால் ட்ரிப் நின்றுவிடும், லக் எரிவது நிற்காது. முனையை வெட்டிவிட்டுப் புது லக், கேபிள் அளவுக்குச் சரியான டை (அச்சு) வைத்து அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப். அலுமினிய லக் செம்பு பஸ்பாரில் (பேனலுக்குள் கரண்டு போகும் பட்டையில்) நேரடியாக உட்கார வேண்டாம், அலுமினியமும் செம்பும் சேர்ந்த பைமெட்டாலிக் லக் போடுங்கள். போல்ட்டை டார்க் ரெஞ்சால், பிரேக்கர் தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு இறுக்கவும். மற்ற இரண்டு பேஸையும் விடாதீர்கள், ஒரே கை போட்ட லக்குகள்.

புதுநிலையம்:
மூன்று லக்கும் மாற்றியாகிவிட்டது. கேபிள் கணக்கு வரும்வரை டயலைத் தொடவில்லை. சார்ஜர் செட்டிங்கிலேயே ஒவ்வொன்றையும் 90 கிலோவாட்டில் நிறுத்தினோம். இரண்டும் ஒரு மணி நேரம் ஓடின, ட்ரிப் இல்லை. எல்லோருக்கும் நன்றி.

மூன்றுபேஸ்:
நல்லது. புது லக் பைமெட்டாலிக்கா? அந்த ஒரு மணி நேர ஓட்டத்தின் முடிவில் டெர்மினல் சூடு எவ்வளவு காட்டியது?

எர்த்குழி:
எர்த் அளவையும் போட்டுவிடுங்கள். திறப்புக்குப் பிறகு வண்டிக்காரர் மழையில் நின்று சார்ஜிங் கன்னைப் பிடிக்கப் போகிறார்.